குதிமுள் வார் வாங்குவது எப்படி

வெஸ்டர்ன் பாணியில் குதிரை ஓட்டுபவர்கள் தங்கள் உடைமைகளில் மிகக் குறைவாகக் கவனிப்பது குதிமுள் வாரைத்தான். சேணத்துக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பூட்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள். ஸ்பர் என்கிற குதிமுள்ளை வாங்கும்போது எஃகா, வெள்ளிப்பூச்சா, முள்சக்கரத்துக்கு எத்தனை பல் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அந்த ஸ்பரைக் காலோடு கட்டும் ஒரு ஜாண் தோலை மட்டும், கூடவே வந்தது போதும் என்று விட்டுவிடுவார்கள்.

குதிரையின் விலாவில் ஸ்பர் எங்கே படும், எப்போது படும் என்பதைத் தீர்மானிப்பதில் பாதி வேலை அந்தத் தோலினுடையது. வார் தளர்ந்தால் குதிகாலைச் சுற்றியிருக்கும் குதிவளையம் கீழே சரியும், அதிலிருந்து பின்னால் நீளும் தண்டு சாயும், நீங்கள் நினைக்காத நேரத்தில் சக்கரம் விலாவில் உரசும். குதிரைக்கு அது கட்டளையாகத்தான் கேட்கும். கேட்டு நடந்தால் ‘ஏன் ஓடினாய்’ என்று கடிவாளத்தை இழுப்பீர்கள். இப்படி நாலு நாள் நடந்தால் எந்த நல்ல குதிரைக்கும் கால் சொல்வது மரத்துப்போகும். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்வதை அலங்காரச் செலவாக எண்ண வேண்டாம். கால் இன்னும் அடங்காத, நடையிலும் ஓட்டத்திலும் முழங்காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பவர் இந்த அத்தியாயத்தைப் படித்து வைத்துக்கொள்ளட்டும். ஸ்பர் கட்டுவதைப் பயிற்சியாளர் சொல்லும்வரை தள்ளிப்போடட்டும்.

முதலில் உங்கள் ஸ்பரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் குதிரையேற்றம் கற்றுத்தரும் இடங்களில் பெரும்பாலும் இங்கிலீஷ் பாணிதான். அந்த ஸ்பரின் இரு முனைகளிலும் நீள்துளை இருக்கும். அரை அங்குல அகலமுள்ள ஒல்லியான வார் அதற்குள் நுழைந்து வெளியே வரும். வெஸ்டர்ன் ஸ்பர் வேறு வகை. குதிவளையத்தின் இரு முனைகளிலும் பொத்தான் இருக்கும். வாரின் முனையில் வெட்டிய காஜாவை அந்தப் பொத்தானில் மாட்ட வேண்டும். பொத்தான் சில ஸ்பர்களில் அசையாமல் பற்றவைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் கீலில் ஆடும். ஆடும் பொத்தான் இருந்தால் வார் பூட்ஸின் மேல் முறுக்காமல் படுக்கும். வாரும் நீடித்து உழைக்கும். ஒரு பாணியின் வாரை மற்றதில் மாட்ட முயல வேண்டாம்.

வெஸ்டர்ன் வார் பெரும்பாலும் இரண்டு துண்டு. நீளத்துண்டு உள்காலின் பொத்தானில் தொடங்கி பாதத்தின் மேல்மேட்டைக் கடந்து வெளிப்பக்கம் வரும். பக்கிள் தைத்த சிறுதுண்டு வெளிக்காலின் பொத்தானில் மாட்டியிருக்கும். பக்கிள் எப்போதும் வெளிப்பக்கம்தான். உள்பக்கம் இருந்தால் சேணத்தின் பக்கத்தோலைக் கீறும், குதிரையின் மேலும் உரசும். கடையில் ஜோடி என்று கொடுப்பது உண்மையிலேயே ஜோடிதானா என்று பார்க்க ஒரே வழி, இரண்டையும் மேசைமேல் பூவேலை தெரியும்படி வைப்பது. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். ஒரே அச்சில் வெட்டிய இரண்டு இடக்கால் வார்களை ஜோடி என்று கட்டி விற்பது சாதாரணமாக நடக்கிறது.

தோல் ஊரில் எந்தத் தோல்?

ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது மேல்விஷாரம். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது பிரிட்டிஷ் படையின் கர்னல் கில்லெஸ்பி ஆற்காட்டுப் பாளையத்திலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்தது இந்த ஆற்றோரப் பகுதி வழியாகத்தான். குதிரைக்குளம்புச் சத்தம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தோல் மட்டும் இங்கே தங்கிவிட்டது. இந்த ஊரின் பள்ளிகளுக்கும் கல்லூரிக்கும் பின்னால் தோல் வணிகக் குடும்பங்களின் கொடை இருக்கிறது. 1965இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகரும் கொடையாளருமான நவாப் சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. மாவட்டம் மூன்றானாலும் தோல் வட்டாரம் ஒன்றுதான்.

இவ்வளவு தோல் புழங்கும் இடத்தில் ஒரு ஜோடி வாருக்குத் தோல் கிடைக்காதா என்றுதான் எவருக்கும் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். இந்த வட்டாரம் முதன்மையாகக் காலணிக்கு உழைக்கிறது. ஆட்டுத்தோல், செம்மறித்தோல், மாட்டுத்தோல் எதுவானாலும் பெரும்பகுதி ஷூவின் மேற்பாகத்துக்காகவே பதனிடப்படுகிறது. மெல்லியது, ஒரு மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை, மிருதுவானது, குரோமில் பதனிட்டது. பாதத்தோடு வளைந்து, நீண்டு, இணங்கிப் போவதற்காகவே செய்த தோல் அது. வாருக்கு வேண்டியது நேர் எதிரான குணம். நீளக்கூடாது, இழுத்தால் இடம் கொடுக்கக்கூடாது, துளையின் விளிம்பு அப்படியே நிற்க வேண்டும். கண்முன்னே அடுக்கியிருக்கும் அழகான ஷூ தோலில் வார் வெட்டினால் முதல் மாதம் பட்டுப்போல இருக்கும். அப்புறம் துளைகள் நீள்வட்டமாகும், காஜா வாய் பிளக்கும், ஸ்பர் சரியும்.

உங்களுக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். கடையில் ‘வெஜ் டேன்’ என்றால் புரியும். பழைய கைகளிடம் ‘ஈ.ஐ. தோல்’ என்று கேட்டால் இன்னும் நன்றாகவே புரியும். ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது தமிழ்நாட்டின் பட்டைப் பதனிடல்தான். புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதன் பழைய மூலப்பொருட்கள். பின்னாளில் வேட்டில் பட்டை பெருமளவு ஆவாரைக்குப் பதிலாக வந்தது. பட்டையின் சத்து தோலின் இழைகளுக்கு நடுவே நிறைந்து உட்காருவதால் தோல் கனக்கிறது, விறைக்கிறது, நீள மறுக்கிறது. ஈரப்படுத்தி அழுத்தினால் அச்சை வாங்கிக்கொள்கிறது. பூவேலை செதுக்க முடிவது இதனால்தான். இதற்குத் தோல் பட்டைச்சாற்றுக் குழியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். குரோம் டிரம்மில் ஒரு நாளில் வேலை முடித்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடலைச் சோதித்துக் காட்டியபின், தொழில் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இந்த நேரக்கணக்கே முக்கியக் காரணம்.

பட்டைத் தோல் என்றால் மாசில்லாதது என்று சிலர் விற்கும்போது சொல்வார்கள். அப்படியே ஏற்க வேண்டாம். பட்டைக் கழிவுநீரும் ஆற்றுக்குப் பாரம்தான். குரோமியம் அதில் இல்லை, அவ்வளவே. பாலாற்றங்கரை மக்கள் இந்தத் தொழிலின் கழிவால் பட்டது ஏராளம். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்து, அதற்கான செலவை ஏற்று நடத்தும் பதனிடும் ஷாப்பின் தோல் சற்று விலை கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதலைக் கொடுத்து வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். எங்கே பதனிட்டது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. நேர்மையான வியாபாரி தயங்காமல் சொல்வார்.

கடையில் என்ன கேட்பது

முழுத்தோலை விரித்தால் முதுகெலும்பின் இருபுறமும் பின்பகுதியில் இருப்பது பட். அங்கே இழை நெருக்கம். முன்னால் ஷோல்டர், சுருக்கக் கோடுகள் இருக்கும், ஆனாலும் பயன்படும். வயிற்றுப்பக்கம் பெல்லி, தளர்ந்தது, எந்த வாருக்கும் ஆகாது. வாரை முதுகெலும்புக்கு இணையாக வெட்ட வேண்டும். நீளத்துண்டு வளைவான வடிவம் என்பதால் அதில் கொஞ்சமாவது குறுக்கு இழையில் விழும். அதனால்தான் பட் பகுதியே வேண்டும் என்று அடம்பிடிக்கச் சொல்கிறேன்.

தடிமன் அடுத்தது. அமெரிக்கச் சேணக்காரர்கள் தோலை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். ஒற்றைத் தோலில் வார் செய்ய 8 முதல் 10 அவுன்ஸ், நம் கணக்கில் 3.2 முதல் 4 மில்லிமீட்டர். இதில் நமக்கொரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டு மாடு சிறிய உடல்வாகு. அதன் தோல் இந்தத் தடிமனுக்கு வருவது அரிது. எருமைத்தோல் தடிமன் தரும், ஆனால் அதன் மேல்பரப்பு முரடு, இழையும் சற்றுத் தளர்வு. ஆகவே பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“பாய், வெஜ் டேன்ல பெல்ட் பட் இருக்குங்களா? நாலு எம்எம் வேணும்.”

“நாலுன்னா எருமைதான் தம்பி. மாட்டுல ரெண்டரை, மிஞ்சிப்போனா மூணு வரும். எதுக்கு, பெல்ட்டுக்கா?”

“குதிரை ஓட்டுறவங்க கால்ல கட்டுற வாருக்கு பாய்.”

“அப்ப மாட்டுத்தோல் ரெண்டை ஒட்டித் தைச்சுக்கோங்க. மேல பளிச்சுன்னும் இருக்கும், இழுத்தாலும் வராது.”

இது நல்ல யோசனை. 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் மாட்டுத்தோலை மேலுக்கும், 1.5 மில்லிமீட்டர் பட்டைத்தோலை உள்ளுக்கும் வைத்து ஒட்டிச் சுற்றித் தைத்த இரட்டை வார், ஒற்றை எருமைத்தோல் வாரைவிட நீட்சியைத் தாங்கும். தினமும் சேற்றிலும் புல்லிலும் வேலை செய்யும் குதிரைக்காரருக்கு எருமை ஒற்றை வாரே போதும்; கீறல் விழுந்தாலும் மனம் வலிக்காது. உள்ளுக்கு குரோம் தோல் வைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் நீளாது. கொஞ்ச நாளில் வார் அலையலையாகும்.

ஷூ மேல்தோலைச் சதுர அடியில் விற்பார்கள், தடித்த பட்டைத் தோலைக் கிலோவில் எடைபோடுவதும் உண்டு. எடையில் வாங்கும்போது தோல் ஈரமாக இல்லை என்று கையால் அழுத்திப் பாருங்கள். மேல்விஷாரத்திலோ ராணிப்பேட்டையிலோ நேரடி அறிமுகம் இல்லாதவர்களுக்குச் சென்னை பெரியமேடு சுலபம். இந்த வட்டாரத்துத் தோல் அங்கே சில்லறையாகவும் கிடைக்கும்.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்

தோலின் முகத்தைப் பார்த்து ஏமாறலாம். வெட்டிய ஓரம் ஏமாற்றாது. ஒரு மூலையில் கூரான கத்தியால் புதிதாக ஒரு சிறு துண்டு சீவித் தரச் சொல்லுங்கள். பழைய ஓரத்தில் சாயம் பூசியிருக்கலாம், ஆகையால் புது வெட்டுதான் வேண்டும். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம். மேலே என்ன பழுப்புச் சாயம் அடித்திருந்தாலும் சரி. மேலிருந்து கீழ்வரை ஒரே தேன் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். பழுப்புக்கு நடுவே வெளிறிய, பச்சைத்தோல் போன்ற ஒரு கோடு ஓடினால் குழியிலிருந்து அவசரமாக எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கோட்டில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் ஊறி உப்பிக் கண்ணாடி போலாகும். அப்படிப்பட்ட தோல் மடக்கும் இடத்தில் வெடிக்கும். வேண்டாம்.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை வெட்டிய துண்டின்மேல் விடுங்கள். பட்டைச் சத்து இருந்தால் இரும்போடு கூடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும் நீலமாகி அப்படியே கறுத்துவிடும். குரோம் தோலில் அழுக்குக் கறை மட்டும் விழும். கறுப்பு வார் விரும்புகிறவர்களுக்கு இதே தண்ணீர்தான் சாயமும். மேலே பூசும் கறுப்பைப் போல உரியாது.

அப்புறம் தோலை முகம் உள்ளே இருக்கும்படி மடக்குங்கள். மெல்லிய, நெருக்கமான சுருக்கம் விழுந்து விரித்ததும் மறைந்தால் நல்லது. தடித்த குழாய் போன்ற மடிப்பு எழுந்தால் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் பிடிப்பு விட்டிருக்கிறது. முகத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்து மயிர்க்கண்கள் தெரிகின்றனவா என்றும் கவனியுங்கள். ஒன்றுமே தெரியாமல் ஒரே சீராகப் பளபளத்தால், தேய்த்துப் பெயிண்ட் அடித்த தோலாகவோ ஸ்பிளிட் எனும் அடித்தோலின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதாகவோ இருக்கும். ஈக்கடி, சிறு கீறல் போன்ற இயற்கைத் தழும்புகள் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெட்டும்போது அவை காஜாவிலும் பக்கிள் மடிப்பிலும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆவாரையிலும் வேட்டிலிலும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். கடுக்காய்த் தண்ணீரில் முடித்தெடுத்தால் சிவப்பு தாமதமாகும், நிறமும் மஞ்சள் கலந்து வெளிச்சமாக இருக்கும். பழைய கைகள் தவறாமல் கடைப்பிடித்த முறை இது. ஜோடியில் ஒரு வாரை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்தால் இரண்டின் நிறமும் வேறாகிப்போகும் என்பதால், வாங்கிய உடனே இரண்டையும் ஒன்றாகவே வையுங்கள், ஒன்றாகவே எண்ணெய் போடுங்கள்.

காஜா

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதிதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். வார் அறுவது நடுவில் இல்லை. காஜாவில். காலை அங்கவடியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும், தரையில் நடக்கும்போது குதிகால் ஊன்றும் ஒவ்வொரு முறையும், பொத்தான் அந்தப் பிளவின் முனையைக் குத்தி இழுக்கிறது. பூவேலைக்கும் பக்கிளுக்கும் பணம் கொட்டிய வார்களில்கூட இந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நல்ல காஜா எப்படி இருக்கும்? பிளவின் இரு முனைகளிலும் பஞ்ச் கருவியால் வெட்டிய வட்டத்துளை இருக்கும். வாரின் நுனிப்பக்கம் இருக்கும் துளை, பொத்தானின் கழுத்து உட்காரும் அளவு. மறுமுனையில் இருப்பது சிறியது, சுமார் 2 மில்லிமீட்டர். வெறும் கத்தியால் கீறிய பிளவுக்கு முனையில் கூர் இருக்கும். கிழிசல் அந்தக் கூரிலிருந்துதான் புறப்படும். வட்டத்துளை இழுவையைச் சுற்றிலும் பகிர்ந்துவிடும். பிளவின் நீளம் பொத்தான் தலையின் குறுக்களவுக்குச் சமம், அல்லது அரை நூல் குறைவு. புதிதில் மாட்ட விரல் நோகத்தான் வேண்டும். கடையிலேயே சுலபமாக மாட்ட முடிந்தால், மழைக்காலம் ஒன்று போவதற்குள் தானாகக் கழன்று விழும்.

காஜாவின் முனையிலிருந்து வாரின் நுனிவரை குறைந்தது 12 மில்லிமீட்டர் முழுத்தோல் மிச்சம் இருக்க வேண்டும். இந்த இடத்தை அழகுக்காகக் கூராகச் சீவிவிடுகிறார்கள். ஏற்க வேண்டாம், வட்டமாகவே இருக்கட்டும். இரட்டைத்தோல் வாராக இருந்தால் காஜாவைச் சுற்றி ஒரு வரிசைத் தையல் ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தோலும் அங்கேதான் முதலில் பிரியும். ஒற்றை எருமை வாரில் தையல் தேவையில்லை, ஆனால் அந்த இடத்தின் தடிமனைச் சீவிக் குறைக்காமல் விட்டிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஷூ வேலைக்குப் பழகிய கை, ஓரம் எங்கே கண்டாலும் சீவிவிடும். அவர்கள் தொழிலில் அது திறமை. காஜாவில் மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு.

ஸ்பரை வீட்டில் வைத்துவிட்டு வார் வாங்கப் போகாதீர்கள். பொத்தான் தலையின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அளவு எடுத்தல்

ஓட்டும்போது போடும் அதே பூட்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் பூட்ஸில் குதிகாலுக்குச் சற்று மேலே ஸ்பர் உட்காருவதற்கென்றே ஒரு சிறு படி இருக்கும். குதிவளையத்தை அதில் உட்காரவைத்து, தையல்காரர் டேப்பை ஒரு பொத்தானில் தொடங்கிப் பாதத்தின் மேல்மேட்டு வழியாக மறுபொத்தான்வரை கொண்டுபோங்கள். அந்த அளவுக்கு வாரின் நடுத்துளை வர வேண்டும். தோல் காலப்போக்கில் கொஞ்சமாவது தளரும், மழையில் சுருங்கவும் செய்யும். இருபுறமும் இரண்டிரண்டு துளை இருந்தால் எதற்கும் ஈடுகொடுக்கும். கடைசித் துளைக்குப் பின் நீளும் வால் இரண்டு அங்குலத்துக்குமேல் வேண்டாம். நீண்ட வால் அங்கவடியில் சிக்கும்.

இறுக்கம் எவ்வளவு என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ஸ்பர் ஆடக்கூடாது என்று நரம்பு புடைக்க இறுக்கினால் பாதத்தின் மேல்மேடு மரத்துப்போகும், குதிகாலைக் கீழே இறக்கி உட்காரவும் முடியாது. பூட்ஸின் படிதான் ஸ்பரைத் தாங்குகிறது. வார் அதை அங்கேயே இருக்கவைத்தால் போதும். வாருக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒரு விரல் நெருக்கியடித்து நுழைய வேண்டும். படி இல்லாத ஜோத்பூர் பூட்ஸ் போடுபவர்களுக்கு ஸ்பர் கீழிறங்கிக்கொண்டே இருக்கும். அவர்கள் பாதத்தின் அடியில், குதிகாலுக்கு முன்னால் ஓடும் ஓர் அடிவாரையோ சங்கிலியையோ சேர்த்துக்கொள்ளலாம். அடிவார் தரையில் தேயும் என்பதால் அதை மட்டும் தனியே மாற்றக்கூடிய வகையில் செய்யச் சொல்லுங்கள்.

அகலத்துக்கு ஒரு விதியும் இல்லை. பாதத்தின் மேல் வரும் இடத்தில் ஓரங்குலம் முதல் ஒன்றரை அங்குலம்வரை சாதாரணம். பூவேலைக்காக இரண்டு அங்குலத்துக்கு மேலும் போவார்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் முக்கால் அங்குலம் உறுத்தாமல் இருக்கும். அகலமான வார் காலின்மேல் பளுவைப் பரப்பும், ஆனால் வேர்வையும் அதிகம் தேக்கும். நம் வெயிலுக்கு ஓரங்குலமே நல்லது என்பது என் கருத்து.

பக்கிள், தையல், பூவேலை

பக்கிள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பித்தளை அழகு, வேர்வை உப்பில் களிம்பேறித் தோலைப் பச்சையாக்கும். துடைக்கப் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம். துத்தநாகப் பூச்சுப் பக்கிளை ஒதுக்கிவிடுங்கள்.

வாரைச் செய்துவாங்க முடிவு செய்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் கைக்குப் பஞ்சமில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ ஆலைகளில் வேலை பார்த்துத் தனியே பட்டறை வைத்திருப்பவர்கள் அட்டையில் பேட்டர்ன் வெட்டிக் கொடுத்தால் பிசகாமல் வெட்டித் தருவார்கள். தையலில்தான் பேச வேண்டும். ஷூ மேற்பாகம் தைக்கும் மெஷின் நாலு மில்லிமீட்டர் பட்டைத் தோலை ஏற்காது. ஊசி உடையும், அல்லது தையல் அடியில் தொங்கும். கனத்தோல் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு ஊசி போட்டு மெழுகு நூலில் கையால் தைக்கச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு ஆறு அல்லது ஏழு தையல் போதும். நெருக்கித் தைத்தால் தோல் தபால்தலை ஓரம்போலத் துளைத்துளையாகிக் கிழியும். கைத்தையலில் ஓரிடம் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும்.

ஓரத்தை மெருகேற்றித் தேய்த்து முடித்திருக்க வேண்டும். பை, பெல்ட் வேலையில் பூசும் எட்ஜ் கலர் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் வளையும் இடத்தில் வெடித்து உதிரும்.

தயார் வார் வேண்டுமென்றால் கான்பூர்தான் இந்தியாவின் சேணத்தொழில் நகரம்; அமெரிக்காவுக்குப் போகும் விலை மலிவான வெஸ்டர்ன் சாமான்களில் பல இந்தியாவில் செய்தவையே. கான்பூரிலும் நல்லதும் சுமாரும் ஒரே அலமாரியில்தான் இருக்கும், மேலே சொன்ன சோதனைகள் அப்படியே பொருந்தும். பூவேலையில் வயோமிங்கின் ஷெரிடன் பாணிக்குத் தனி மதிப்பு. சிறு பூக்களும் சுழலும் தண்டுகளும் நெருக்கமாக வரும் வேலை. உண்மையில் கத்தியால் செதுக்கியதா, சூட்டு அச்சில் அழுத்தியதா என்று பார்க்க ஜோடியை அருகருகே வையுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு கோடும் கண்ணாடி பிம்பமாக அச்சுப்பிசகாமல் பொருந்தினால் அச்சு. அச்சு தவறில்லை, செதுக்கிய விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி.

ஏற்றுமதிக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உடம்பில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. குரோம் தோல் எதையாவது சேர்த்திருந்தால் சோதனைச் சான்று கேட்பார்கள். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய சோதனைகளுக்கு நம்பத்தக்க இடம்.

பராமரிப்பு

ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் சேற்றையும் வேர்வையையும் துடையுங்கள். நிழலில் காற்றாடக் காயட்டும்; வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்த பட்டைத் தோல் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். வாரம் ஒருமுறை கிளிசரின் சேணச் சோப்பு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மெல்லிய பூச்சாக, உள்பக்கத்தில். எண்ணெய் அதிகமானால் வார் துவண்டு நீள ஆரம்பிக்கும், நீங்கள் தேடித்தேடி வாங்கிய விறைப்பு அத்தோடு போய்விடும்.

ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள்; பருத்தித்துணிப் பையில், காற்று வரும் இடத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளையாகப் படிந்தால் உலர்ந்த துணியால் வெளியே கொண்டுபோய்த் துடைத்துவிட்டு, அரைநாள் நிழலில் விட்டுப் பின் சோப்புப் போடுங்கள். வாரை ஸ்பரிலிருந்து அடிக்கடி கழற்ற வேண்டாம், காஜா அதனால்தான் சீக்கிரம் தளரும். ஆனால் மாதம் ஒருமுறை கழற்றி, பொத்தானின் கழுத்து உட்காரும் துளையை விரித்துப் பாருங்கள். விளிம்பில் மயிரிழைபோல ஒரு கீறல் தெரிந்தால், அது நுனிப்பக்கம் ஓடுகிறதென்றால், அன்றே அந்த வாரை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் முதலில் போவது பக்கிள் தைத்த சிறுதுண்டுதான். வார் செய்யக் கொடுக்கும்போதே அதே பட் தோலில் சிறுதுண்டு மட்டும் கூடுதலாக ஒரு ஜோடி வெட்டிக் காஜா போட்டு வாங்கி வைத்துக்கொண்டால், முழு வாரையும் மாற்ற வேண்டியிருக்காது.